அத்தியாயம் 6: ஒரு பாட்டுக்கு ஒரு ஃபோல்டர்

பாட்டு வெளியாகி ஆறேழு மாதம் கழித்து ஒரு போன் வரும். “தம்பி, அந்தப் பாட்டுல வாய்ஸை மட்டும் எடுத்துட்டு மைனஸ் ட்ராக் ஒண்ணு குடுங்க. கோயில் விழாவுல பொண்ணு பாடணுங்கிறா” என்பார்கள். வீட்டில் இசை செய்கிற எல்லாருக்கும் இந்த போன் என்றைக்காவது வரும். ஐந்து நிமிட வேலை. ப்ராஜெக்டைத் திறக்கிறீர்கள். திரையில் ஒரு பெட்டி எழும்பி, சில ஃபைல்களைக் காணவில்லை, எங்கே தேடட்டும் என்று கேட்கிறது. புல்லாங்குழல் இருந்த பென்டிரைவ் யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை. தபலா லூப், விற்றுவிட்ட லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரோடு போய்விட்டது. ஐந்து நிமிட வேலை அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒலிப்பதிவுப் புத்தகங்கள் மைக்கையும் கம்ப்ரஸரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இந்த விஷயத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுமாரான மைக்கில் பாடியதை மிக்ஸிங்கில் ஓரளவு தேற்றலாம். தொலைந்துபோன டேக்கை எந்த பிளக்-இன்னும் திருப்பித் தராது. பாடியவர் அதே குரலோடும் அதே மனநிலையோடும் மறுபடி வந்து நிற்கப்போவதும் இல்லை.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான். உங்கள் ஃபோல்டரை நகலெடுத்து இன்னொருவரிடம் கொடுத்தால், உங்களை ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவர் அந்தப் பாட்டைத் திறந்து வேலை பார்க்க முடிய வேண்டும். அந்த இன்னொருவர் மிக்ஸிங் எஞ்சினியராக இருக்கலாம். ஐந்து வருடத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்ட நீங்களாகவும் இருக்கலாம்.

ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் பாட்டு இல்லை

கியூபேஸ், ப்ரோ டூல்ஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர் என்று நீங்கள் எதில் வேலை செய்தாலும், சேவ் செய்ததும் கிடைக்கிற ப்ராஜெக்ட் ஃபைலில் ஒலி எதுவும் இருக்காது. அது மளிகைச் சீட்டு மாதிரி. என்னென்ன வேண்டும், எந்தக் கடையில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அரிசி அதற்குள் இருக்காது. ரீப்பர் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்து ஃபைல்தான். ஒரு பிரதி எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். இந்தத் துண்டு எத்தனையாவது வினாடியில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த ஒலி ஃபைலை எடுத்து வாசிக்க வேண்டும் என்று வரிவரியாக வரும். ஒலி ஃபைலின் பெயர் மட்டும் இருந்தால் அது ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வேறு டிரைவின் எழுத்து என்று நீளமான முகவரி ஏதாவது தட்டுப்பட்டால், உங்கள் பாட்டின் ஒரு பகுதி வெளியே கிடக்கிறது.

மென்பொருளுக்குள் மைக்கில் பதிவு செய்தவை பெரும்பாலும் தொலைவதில்லை. அவை ஒழுங்காக அதன் ஆடியோ ஃபோல்டருக்குப் போய்விடும். தொலைபவை, இழுத்துப் போட்டவை. டவுன்லோட் செய்த லூப், நண்பர் அனுப்பிய வயலின், போனிலிருந்து எடுத்த ஹம்மிங் எல்லாம் மவுஸால் இழுத்து டைம்லைனில் விட்டவை. மென்பொருள் அவற்றை நகலெடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். ரீப்பரில் புது ப்ராஜெக்டை சேவ் செய்யும்போதே தனி ஃபோல்டர் உண்டாக்கு, மீடியாவை அதற்குள் நகலெடு என்ற இரண்டு தேர்வுகளையும் டிக் செய்யுங்கள். ஏபிள்டனில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’. கியூபேஸில் இம்போர்ட் செய்யும்போது வரும் பெட்டியில் ‘ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு நகலெடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் ‘பேக்கப் ப்ராஜெக்ட்’ கொடுத்தால் தேவையானதைத் திரட்டிப் புதிய ஃபோல்டரில் போட்டுத் தரும். லாஜிக்கில் முதல்முறை சேவ் செய்யும்போது எவற்றையெல்லாம் ப்ராஜெக்டுக்குள் வைக்கலாம் என்று பட்டியல் வரும். சாம்பிளர் ஒலிகளையும் சேர்த்தே டிக் செய்யுங்கள். எஃப்எல் ஸ்டூடியோக்காரர்களுக்கு எக்ஸ்போர்ட் பட்டியலில் ‘ஜிப்ட் லூப் பேக்கேஜ்’ இருக்கிறது. ப்ரோ டூல்ஸின் இம்போர்ட் பெட்டியில் ‘ஆட்’, ‘காப்பி’ என்று இரண்டு பட்டன்கள் உண்டு. ‘ஆட்’ வெறும் முகவரியைத்தான் குறித்துக்கொள்ளும். ‘காப்பி’யை அழுத்துங்கள்.

ஃபோல்டருக்குள் என்னென்ன

ஒரு பாட்டு என்று மனதில் தோன்றிய அன்றே அதற்கு ஒரு ஃபோல்டர் போட்டுவிடுங்கள். நான் பரிந்துரைக்கிற அமைப்பு இது:

027_முருகன்_4கட்டை_92
– 00_குறிப்பு
– 01_டெமோ
– 02_ப்ராஜெக்ட்
– 03_வந்தவை
– 04_மிக்ஸ்
– 05_கொடுத்தவை

முதலில் நிற்கும் 027 வரிசை எண். இதை நான் வலியுறுத்தக் காரணம், நம் பாட்டுகள் பிறக்கும்போது அவற்றுக்குப் பெயர் கிடையாது. மெட்டு தத்தகாரத்தில் வரும், பிறகு டம்மி வரிகள், அதற்கும் பிறகுதான் கவிஞர் எழுதிய பல்லவி. பாட்டுக்குப் பல்லவியின் முதல் சொற்களே பெயராகிவிடும். பல்லவி மாறினால் பெயரும் மாறும். நடுவில் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் முகவரிகள் குழம்பும். எண் மாறாது. கவிஞருக்கு அனுப்பிய டெமோ, பாடகிக்கு அனுப்பிய ட்ராக், குறிப்பு நோட்டு எல்லாவற்றிலும் 027 இருந்தால் எந்தப் பெயரில் யார் கேட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். எண்ணை மூன்று இலக்கமாகவே எழுதுங்கள். 27 என்று மட்டும் எழுதினால் சில நிரல்கள் 100ஐ அதற்கு முன்னால் கொண்டுபோய் அடுக்கும்.

கட்டையும் வேகமும் ஃபோல்டர் பெயரிலேயே இருப்பது, இன்னொரு பாட்டுக்கு இடையிசைத் துண்டு தேடும்போது கைகொடுக்கும். எதையும் திறந்து கேட்காமலே இது 4 கட்டை, 92 பிபிஎம் என்று தெரிந்துவிடும்.

‘வந்தவை’ என்ற ஃபோல்டருக்குத் தனி மரியாதை கொடுங்கள். வெளியிலிருந்து யார் எதை அனுப்பினாலும், அவர்கள் வைத்த பெயரை மாற்றாமல், அனுப்பியவர் பெயரும் தேதியும் போட்ட உள் ஃபோல்டரில் அப்படியே வைக்க வேண்டும். வெட்டுவது, சுருதி திருத்துவது, இரைச்சல் நீக்குவது எல்லாம் ப்ராஜெக்டுக்குள் இறக்கிய நகலில்தான். கோவையிலிருந்து பாடகி அனுப்பிய நான்கு டேக்கும் இரண்டு வருடம் கழித்தும் அவர் அனுப்பியபடியே இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாடுபவர்களும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் அதில்தான் அனுப்புகிறார்கள். வாய்ஸ் நோட்டாக வந்தால் ஒலி நசுங்கி, ஓபஸ் என்ற வகையில், பிடிடி-20250314-டபிள்யூஏ0007 என்பது போன்ற பெயரோடு வரும். மெட்டு நினைவுக்கு அது போதும், பாட்டில் வைக்க உதவாது. வேவ் ஃபைலை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஒரு துளி மாறாமல் வந்து சேரும். வந்ததை அன்றைக்கே கணினியில் இறக்கிவிடுங்கள். போன் மாற்றும்போது முதலில் காணாமல் போவது இவைதான்.

‘கொடுத்தவை’ ஃபோல்டருக்கும் அதே விதி, திசை மட்டும் வேறு. வீட்டைவிட்டு வெளியே போன ஒவ்வொன்றின் பிரதியும், போன தேதியோடும் யாருக்கு என்ற பெயரோடும் அங்கே நிற்க வேண்டும். “நீங்க குடுத்த மிக்ஸ்ல வாய்ஸ் கம்மியா இருக்கு” என்று ஒருவர் சொன்னால் எந்த மிக்ஸைச் சொல்கிறார் என்பதை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். மற்ற ஃபோல்டர்கள் பெயரிலேயே விளங்கும்.

00_குறிப்பு கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. டேப் காலத்து ஸ்டூடியோக்களில் 24 ட்ராக் டேப் பெட்டிக்குள் ட்ராக் ஷீட் என்று ஒரு தாள் இருக்கும். 1இல் கிக், 2இல் ஸ்நேர், 17இல் சித்தார் என்று பென்சிலில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் தொலைந்தால் டேப்பை மாட்டி ஒவ்வொரு ட்ராக்காகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணினி வந்ததும் தாள் போய்விட்டது, தேவை போகவில்லை. சாதாரண எழுத்து ஃபைல் ஒன்று போதும். எந்தக் கணினியிலும் எந்தக் காலத்திலும் திறக்கும். ராகம், தாளம், கட்டை, வேகம், சாம்பிள் ரேட், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த மைக், யார் என்ன வாசித்தார்கள், எந்தத் தேதியில், முழுப் பாடல் வரிகள். இதோடு பணமும் உரிமையும் பற்றிப் பேசியதையும் எழுதுங்கள். பாடலாசிரியருக்கு என்ன கொடுத்தீர்கள், எதற்காகக் கொடுத்தீர்கள், வாசித்தவர் தன் பெயர் எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்திருக்கிறது. ராயல்டியைத் திரட்டித் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பாட்டைப் பதிவு செய்யும்போது யார் பங்கு எவ்வளவு என்று கேட்பார்கள். வெளியிடும்போது கிடைக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணையும் இங்கேயே குறித்துவையுங்கள். விலை கொடுத்து வாங்கிய லூப்களின் உரிமத் தாளும் இதே ஃபோல்டரில் இருக்கட்டும். யூடியூபில் யாராவது உரிமை கோரினால் காட்ட வேண்டியது அதுதான்.

பெயர் வைப்பது

ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன் ட்ராக்குக்குப் பெயர் வையுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கின் பெயரையே மென்பொருள் ஒலி ஃபைலுக்கும் வைக்கும். பெயர் வைக்காமல் பதிவு செய்தால் ஆடியோ 01_07, ஆடியோ 01_08 என்று போய்க்கொண்டே இருக்கும். வாய்ஸ்_பல்லவி, வாய்ஸ்_சரணம்1, வீணை_பிஜிஎம்2 என்று வைத்துவிட்டுப் பதிவு செய்தால், ப்ராஜெக்ட் ஃபைலே கெட்டுப்போனாலும் ஆடியோ ஃபோல்டரை மட்டும் வைத்துப் பாட்டை மீட்டுவிடலாம். பதிவான பிறகு பெயர் மாற்ற வேண்டுமானால் மென்பொருளுக்குள்ளிருந்து மாற்றுங்கள். வெளியே ஃபோல்டரைத் திறந்து மாற்றினால் அது பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

மிக்ஸுக்கும் ப்ராஜெக்டுக்கும் பதிப்பு எண் கொடுங்கள்: 027_முருகன்_மிக்ஸ்_வி01, வி02. எண் ஏறிக்கொண்டே போகட்டும், எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். ‘ஃபைனல்’ என்ற சொல்லை ஃபைல் பெயரில் வைக்கவே வைக்காதீர்கள். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டது வி07 என்றால் அதைக் குறிப்பில் எழுதுங்கள். ஒப்புக்கொண்ட பிறகும் வி08 வரும். தேதி எழுதும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-14 என எழுதுங்கள். அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றுசேர்ந்துகொள்ளும்.

பெரிய மாற்றத்துக்கு முன் ப்ராஜெக்டைப் புதிய எண்ணில் சேவ் செய்யுங்கள். ஆனால் அதே ஃபோல்டருக்குள். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஃபோல்டர் போட்டால் டேக்குகள் நாலா பக்கமும் சிதறும்.

இனி ஒரு சங்கடமான அறிவுரை. இங்கே உதாரணங்களைத் தமிழில் தந்திருந்தாலும், ஒலி ஃபைல்களுக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டர்களுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே பாதுகாப்பு. தமிழ்ப்பற்றுக் குறைந்து இதைச் சொல்லவில்லை. ஒருங்குறியில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு வகையில் எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று; முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளின் பழைய வட்டு அமைப்பு ஃபைல் பெயரைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. விண்டோஸ் நீங்கள் தட்டியபடியே சேமிக்கும். ஆகவே ‘கொலுசு’ என்று பெயர் வைத்த ஃபைல் மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போனால், ப்ராஜெக்ட் தேடுவது ஒரு ‘கொலுசு’, ஃபோல்டரில் இருப்பது வேறொரு ‘கொலுசு’ என்று ஆகிவிடலாம். கொ, கோ, கௌ வரிசையில் வரும் எல்லா எழுத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. பழைய ஜிப் நிரல்கள் தமிழ்ப் பெயர்களைக் கட்டம் கட்டமாக மாற்றிவிடுவதும் உண்டு. குறிப்பு ஃபைலின் உள்ளே, பாடல் வரிகளில், வெளியீட்டு விவரங்களில் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். ஃபைலின் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போதும். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எதுவும் வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது.

44.1ஆ, 48ஆ

சிடியின் சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ். சினிமாவும் வீடியோவும் 48. இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரே பாட்டுக்குள் இரண்டும் கலப்பதுதான் வம்பு. பெரும்பாலான மென்பொருள்கள் தாமே மாற்றிக்கொள்ளும் அல்லது மாற்றவா என்று கேட்கும். கேட்கும்போது அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால், 44.1இல் பதிவான ஃபைலை 48 வேகத்தில் ஓட்டும். 4 கட்டையில் பாடியது நாலரைக்கும் 5க்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கும். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். சுருதிப்பெட்டியின் எந்தக் கட்டையோடும் சேராமல் பாடல் முழுதும் ஒரே அளவில் தள்ளி நின்றால், பாடியவரைச் சந்தேகிக்கும் முன் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். வீட்டில் செய்யும் எல்லாப் பாட்டுக்கும் 48, 24 பிட் என்று முடிவு செய்துவிடச் சொல்வேன். இன்று பாட்டோடு ஏதாவது ஒரு வீடியோ போகாமல் இருப்பதில்லை.

இடம் போதுமா என்ற கவலை வரும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. 4 நிமிடப் பாட்டில் 30 ட்ராக் முழு நீளத்துக்கு இருந்தாலும் 1 ஜிபி சுற்றுத்தான். மிச்ச டேக்குகளோடு 3, 4 ஜிபி ஆகட்டும். ஒரு டிபி வட்டில் இருநூறு பாட்டுக்கு மேல் நிற்கும். ஆகவே இடத்துக்காக டேக்கை அழிப்பது வீண் சிக்கனம். ‘பயன்படுத்தாத ஃபைல்களை நீக்கு’ என்பது போன்ற கட்டளை பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. பலவற்றில், திறந்திருக்கும் இந்தப் பதிப்பு பயன்படுத்துகிறதா என்றுதான் அது பார்க்கும். வி03இல் இருந்த சரணத்தை வி07இல் நீக்கியிருந்தால், வி03க்குத் தேவையான ஃபைலையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். பாட்டு வெளியாகும் வரை அந்தக் கட்டளையின் பக்கம் போகாதீர்கள்.

கச்சேரிப் பதிவு செய்பவர்களுக்கு இன்னொன்று. சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளராது. ஸ்டீரியோ என்றால் இந்தத் தரத்தில் 4 மணி நேரம் தாங்கும். 8 சேனலை ஒரே ஃபைலாகப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திலேயே எல்லை வந்துவிடும். தனி ஆவர்த்தனத்தின் நடுவில் அது வரக்கூடாது. அமைப்பில் இந்த எல்லையைத் தாண்டும் ஆர்எஃப்64 வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சேனல்களைத் தனித்தனி மோனோ ஃபைல்களாகப் பதிவு செய்யுங்கள். ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவும் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைலை ஏற்காது. மேக்குக்கும் விண்டோஸுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபாட் போதும்.

பிளக்-இன் போனாலும் பாட்டு இருக்க

சாம்பிள் லைப்ரரிகளைப் பாட்டு ஃபோல்டருக்குள் வைக்க வேண்டாம். அவற்றுக்குத் தனி எஸ்எஸ்டி, தனி ஃபோல்டர், அதன் பெயரை மாற்றுவதே இல்லை என்ற உறுதி. காண்டாக்ட் போன்ற சாம்பிளர்கள் லைப்ரரி எங்கே இருந்ததோ அங்கேதான் முதலில் தேடும்.

ஆனால் லைப்ரரியும் பிளக்-இன்னும் எப்போதும் இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 2013இல் லாஜிக் ப்ரோ எக்ஸும் ப்ரோ டூல்ஸ் 11ம் 32 பிட் பிளக்-இன்களைக் கைவிட்டன. 2016இல் கியூபேஸ் 9 கைவிட்டது. 2019இல் வந்த மேக் கேட்டலினா 32 பிட் நிரல் எதையுமே ஓடவிடவில்லை. அதற்கு முன் செய்த எத்தனையோ பாட்டுகளில் மிடி நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வாசிக்க வேண்டிய வாத்தியம்தான் இல்லை. நாளை இன்னொரு கம்பெனி மூடப்படலாம், உரிமத்துக்கான இணையதளம் நிற்கலாம்.

இதற்கு மருந்து ஒன்றே. பாட்டு முடிந்த அன்று, மிடியில் வாசிக்கும் ஒவ்வொரு ட்ராக்கையும் ஒலி ஃபைலாக எடுத்து வைத்துவிடுங்கள். எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஒருமுறை. எஃபெக்ட்தான் அந்த ஒலியின் உயிர் என்றால் அதோடும் ஒருமுறை. மிடி ஃபைலையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிராமி விருது வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் தயாரிப்பாளர், எஞ்சினியர் பிரிவு வெளியிட்டிருக்கும் ஒப்படைப்பு வழிகாட்டுதலும் இதையேதான் கேட்கிறது: எல்லா ட்ராக்கும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து முழு நீள ஒலி ஃபைல்களாக இருக்க வேண்டும். இரண்டாவது சரணத்தில் மட்டும் வரும் நாதஸ்வரமும் முதல் பாரிலிருந்தே, மௌனத்தோடு தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளிலும் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து ப்ளே செய்தால் பாட்டு தானாகப் பொருந்தும். இடையில் துண்டு துண்டாக அனுப்பினால் வாங்குபவர் காதால் பொருத்திக்கொண்டிருப்பார்.

‘ஸ்டெம்ஸ் அனுப்புங்க’ என்று மிக்ஸிங் எஞ்சினியர் கேட்டால், ட்ராக் ட்ராக்காக வேண்டுமா, தாளம், தந்தி, குரல் என்று தொகுத்து வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

மூன்று பிரதி

பேக்கப் பற்றிய நல்ல விதி புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பியது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வீட்டு ஸ்டூடியோவுக்கு அது இப்படி வரும்: வேலை செய்யும் வட்டில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையத்திலோ வேறு வீட்டிலோ ஒன்று.

மூன்றாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2008 ஜூன் 1இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் பிடித்த தீயில் காப்பகத்தில் இருந்த மூல இசை டேப்களும் எரிந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் கணினியும் அதன் பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் வட்டும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்தால்கூடப் போதும். அதற்குச் சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க் நல்லது. எஸ்எஸ்டியை மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில், அதுவும் நம் வெயிலில், பீரோவுக்குள் வைப்பது சரியில்லை.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றின் ஒத்திசைவு ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகிவிடும். திறந்து வேலை செய்துகொண்டிருக்கும் ப்ராஜெக்டை ஒத்திசைவு ஃபோல்டருக்குள் வைப்பது அதைவிட மோசம். நாள் முடிவில் மூடிய ப்ராஜெக்டை நகலெடுத்து ஏற்றுங்கள்.

பிரதி எடுத்தது போதாது, திறந்து பார்க்க வேண்டும். பார்க்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. அதே கணினியில், மூலமும் அதே இடத்தில் இருக்கும்போது பிரதியைத் திறந்தால், பிரதியில் இல்லாத ஃபைலை மென்பொருள் சத்தமில்லாமல் மூலத்திலிருந்தே எடுத்து வாசித்துவிடும். பிரதி முழுமையானது என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். வேறு கணினியில் திறக்க வேண்டும். அது முடியாதென்றால், வேலை வட்டைக் கழற்றிவிட்டோ மூல ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டோ திறக்க வேண்டும். காணவில்லை என்ற பெட்டி வராமல் கடைசி பார் வரை ஓடினால் அது பிரதி.

ஏற்கெனவே குவிந்து கிடப்பவை

இதையெல்லாம் படித்ததும் பழைய பாட்டுகள் அத்தனையையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே அடுக்கிவிட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். பாதியில் களைத்து, பாதி நகர்ந்த நிலையில் விட்டுவிடுவோம். அது முன்னைவிட மோசம். வெளியே சிதறிய ஃபைல்களை நம்பியிருக்கும் ப்ராஜெக்டுகளை இடம் மாற்றினால், இன்று திறப்பவைகூட நாளை திறக்காமல் போகலாம். பழைய வட்டை அது இருக்கிறபடியே முழுசாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த பாட்டிலிருந்து புதிய முறை. பழைய பாட்டு எதையாவது யாராவது கேட்கும்போது, அதை மட்டும் திறந்து, எல்லா ஃபைலையும் உள்ளே திரட்டி, எண் கொடுத்து, ட்ராக்குகளை ஒலியாக எடுத்துப் புதிய அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். தேவைப்படுபவை தாமாக வந்து சேரும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடைசியாகச் செய்த பாட்டின் ஃபோல்டரை இன்று இரவே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் நண்பர் ஒருவரின் கணினியில் திறந்து பாருங்கள். ஏதாவது குறைந்தால், பாடியவரும் வாசித்தவரும் கேட்டதும் மறுபடி அனுப்பித் தருகிற நிலையில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த அத்தியாயத்துக்கு அதன் பிறகு வாருங்கள்.